ஒழுகட்டும் டாக்டரின் படகு

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் படகுச் சங்கத் தலைவர் அவர்களே! மேடையின் ஓரத்தில் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், டாக்டரின் கணவர் சார் அவர்களே! டாக்டரோடு சேர்ந்து படித்த மருத்துவப் பெருமக்களே! அவருடைய சிகிச்சை அறையைக் கட்டி ஆண்ட நர்ஸ் அக்கா அவர்களே! அவர் முன்னால் ஒரு முறையாவது வாயைத் திறந்தபடி, ஒரு வார்த்தையும் பேச முடியாமல் படுத்துக் கிடந்த அன்பர்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு எஞ்சின் தெரியும், மேடை தெரியாது. ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்களுக்கும் ஐந்து நிமிடம்தான் கொடுத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆகவே நானும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நம் பல் டாக்டர் அமைதியே வடிவானவர் என்று இங்கே சொன்னார்கள். எந்த டாக்டர்? ரம்பம் ஓடும்போது அதைவிட உரக்கப் பாடினாரே, அந்த டாக்டரா? சொன்ன நாளில் பலகை அனுப்பாத மரக்கடைக்காரரை, அவர் வாயில் பஞ்சை வைத்து அடைத்த பிறகு, மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தாரே, அந்த டாக்டரா? மரக்கடைக்கார அண்ணன் இங்கேதான் இருக்கிறார். தலையாட்டுகிறார், பாருங்கள். அன்றைக்கும் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அமைதியாம்! நான் பார்த்தவர்களிலேயே அதிகம் சத்தம் போட்டவர் அவர். அதிகம் சிரித்தவரும் அவர். நினைத்ததை முடித்தவர்! முடித்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்து ஓட்டியவர்! அவருக்கு இரங்கல் கூட்டத்தைவிட வெற்றி விழாதான் பொருத்தம்.

அடுத்து, தலைவர் அவர்களின் அறிவிப்பு. டாக்டர் தன் கையால் கட்டிய மரப்படகு நேற்று மாலை இந்த அரங்குக்குக் கொண்டுவரப்பட்டு, இந்த நீலத் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டது. அதைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் எழுப்பி, குளிர்சாதனம் பொருத்தி, பித்தளைப் பலகையில் பெயர் பொறித்து, நிரந்தரக் காட்சிப் பொருளாக வைக்கப் போவதாகத் தலைவர் சொன்னார். என் பேச்சு முடிந்ததும் திரையை விலக்குவார். நீங்கள் பலமாகக் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதைத்தான் பேசப் போகிறேன். அதுவரை திரைக் கயிறு தலைவர் கையிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

டாக்டரை நான் முதன்முதலில் பார்க்கப் போனபோது என் கன்னம் பூரித்திருந்தது. சந்தோஷத்தில் இல்லை, கடைவாய்ப்பல். அவருடைய சிகிச்சை அறை வீட்டின் முன்பகுதி. நோயாளிகள் காத்திருக்கும் இடம் முன்பு கார் நிறுத்திய கொட்டகை. உள்ளே நுழைந்தால் ஒரு பெஞ்சு இல்லை. நடுவில் ஏதோ பெரிய விலங்கின் எலும்புக்கூடு மாதிரி மரச் சட்டங்கள், தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கின்றன. பாதி விலாவுக்குப் பலகை போட்டாயிற்று, பாதி வெறும் எலும்பு. சுற்றிலும் ஆட்கள் நின்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் தேய்க்கிறார். கட்டடம் மாறி வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பினேன்.

மரத்தூளைத் தடுக்க உள்ளே தொங்கவிட்ட ஈரத்துணித் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரது? பல்லா, பலகையா?"

"பல்லுங்க."

"அப்ப அங்க இருக்கற தாளை ஒண்ணு எடுத்துக்க. மரத்தோட ரேகை போற பக்கமாத் தேய். குறுக்கால தேச்சேன்னு வை, மருந்து போடாமப் பிடுங்கிருவேன்."

தேய்த்தேன்! வேறு என்ன செய்வது? முறை வந்து நாற்காலியில் சாய்ந்ததும், வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே என்ன வேலை செய்கிறாய் என்றார். பதில் சொல்ல வழியில்லை. பஞ்சை எடுத்ததும் முதல் வேலையாகச் சொன்னேன்: "எஞ்சின் வேலை டாக்டர். கப்பல் எஞ்சின்."

கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா! கேட்டீங்களா? பையன் கப்பல் எஞ்சினாம்!" என்று நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கிழமை வந்துரு. பல்லுக்கு இல்ல" என்றார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேற வேலை இருக்கு டாக்டர்."

"உனக்கு இன்னும் மூணு ஞானப்பல் முளைக்க வேண்டியிருக்கு தம்பி. மூணும் என் கையிலதான்."

அன்று மாட்டியவன்தான். என்ன சொன்னாலும் "சீக்கிரம் சொல்லுங்க" என்பேனாம். அதனால் எனக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தார். இன்றுவரை நர்ஸ் அக்காவுக்கு என் உண்மைப் பெயர் தெரியாது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அந்தப் படகை யார் கட்டியது? டாக்டர் கட்டினார், சரி. தேய்த்தது யார்? இந்த அரங்கில் அதைத் தேய்க்காதவர்கள் எத்தனை பேர்? முன் வளைவு பேருந்து நடத்துநர் தேய்த்தது. வலப்பக்கம் தையல்கார அம்மாவும் அவர் சம்பந்தியும் தேய்த்தது. அந்த இரண்டு பேரும் அதற்கு முன்பு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நின்று மறுபடி பேச ஆரம்பித்தார்கள். பின்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் பள்ளமாக இருக்கும். அது தபால்கார அண்ணன் தேய்த்த இடம். பாவம், அவருக்கு வேர் சிகிச்சை. பல தடவை வர வேண்டியிருந்தது.

பலகைகளை விலாச் சட்டத்தோடு இறுக்கியது ஆயிரக்கணக்கான வெண்கல ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு குழி. பல் டாக்டருக்குக் குழியைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு குழிக்கும் அதே மரத்தில் சின்ன அடைப்பு செதுக்கி, அடைப்பின் ரேகை பலகையின் ரேகையோடு சேரும்படி திருப்பி வைத்துத் தட்டினார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் சட்டத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். பல் குத்தும் ஊசியால் மூட்டு இடைவெளியைச் சோதித்தார். மாட்டிய பிறகு எது பலகை, எது அடைப்பு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அவர் தவறே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தலைகீழாகக் கட்டிய படகை ஒரு நாள் நிமிர்த்தியாக வேண்டும். "இவ்வளவு பெருசா கட்டிட்டு எப்படி வெளிய எடுப்பீங்க?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டதால், கொட்டகைக் கதவின் அகலத்தைப் பத்துத் தடவை அளந்து வைத்திருந்தார். நிமிர்த்துகிற நாள் வந்தது. கயிறு போட்டாயிற்று. ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஆள் பற்றாமல், நாற்காலியில் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு கிடந்த வங்கிக் காசாளரையும் எழுப்பிக்கொண்டு வந்தார். "ஏலேலோ!" என்று டாக்டர் கத்த, படகு பக்கவாட்டில் எழுந்து நிற்கிறது. காசாளர் மட்டும் ஒரு கையை விட்டுவிட்டு, விரலை ஆகாயத்தைப் பார்த்துக் குத்திக் குத்திக் காட்டுகிறார். "ரெண்டு கையாலயும் பிடிய்யா!" என்று எல்லோரும் அவரைத் திட்டுகிறோம். நாங்கள் அத்தனை பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர்தான் மேலே பார்த்தார். படகின் அகலம் பக்கவாட்டில் நிற்கும்போது உயரமாகிவிடும் அல்லவா? படபடவென்று ஒரு சத்தம். மின்விசிறியின் இறக்கை மூன்றும் மூன்று திசையில் வளைந்துவிட்டது.

கதவை அளந்தவர் கூரையை அளக்கவில்லை! நாங்கள் படகைத் தாங்கிக்கொண்டு நிற்க, டாக்டர் முக்காலியில் ஏறி மின்விசிறியைக் கழற்றினார். கழற்றும்போது அந்த முக்காலியே ஆடும் அளவுக்குச் சிரித்தார். "அளந்தது நான், உடைஞ்சது என் ஃபேன், நீங்க ஏன்ய்யா மூஞ்சைத் தொங்கப் போட்டுருக்கீங்க?" அந்த வளைந்த இறக்கைகளில் ஒன்றைச் சிகிச்சை அறைச் சுவரில் மாட்டினார். இன்னும் இருக்கிறது.

எனக்கும் அவருக்கும் ஒரு பெரிய சண்டை உண்டு. அடிப்பலகை மூட்டுகளை எபாக்ஸிப் பசையால் மூடி இறுக்கிவிடலாம், தண்ணீர் ஒரு சொட்டு வராது என்பது என் கட்சி. பழைய காலத்து முறைப்படி மரத்துக்கு மூச்சு விட இடம் வைத்துத்தான் கட்டுவேன் என்பது அவர் கட்சி. நான் வரைபடத்தோடு போனேன். அவர் அதைவிடப் பெரிய வரைபடத்தோடு வந்தார். அந்தச் சண்டையில் அவர் ஜெயித்தார். எஞ்சின் சண்டையில் நான் ஜெயித்தேன். எஞ்சினைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி வை என்று பிடிவாதம் பிடித்தார். தள்ளினால் ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, கோணலாகும், அதிரும், ஒரே மாதத்தில் எல்லாம் தேய்ந்துவிடும் என்று காட்டினேன். ஒத்துக்கொண்டார். ஆனால் எதற்காக அந்தப் பிடிவாதம் தெரியுமா? இடப்பக்க இருக்கையை அகலமாக்க.

இடப்பக்க இருக்கை யாருக்கு? சாருக்கு.

சாரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். அடுத்தவர் பேசியதையே வாழ்நாள் முழுக்க எழுதியதால் தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டவர். அவருக்குத் தண்ணீர் என்றால் பயம். ஏரிக்கரைச் சாலையில் நடந்தால்கூட வீடுகள் இருக்கிற பக்கமாகத்தான் நடப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஓர் இருக்கை! அளவு எடுக்கிறேன் என்றால் வரமாட்டார். டாக்டர் என்ன செய்தார்? பல்லுக்கு அச்சு எடுக்கிறவர்தானே! ஒரு அகலத் தட்டில் ஈர மணலைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சாப்பாட்டு மேசை நாற்காலியில் வைத்துவிட்டார். சார் செய்தித்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா இது, குளுகுளுன்னு இருக்கு?"

"அசையாதீங்க. உங்களுக்கு அச்சு எடுக்கறேன்."

"பல்லு இந்தப் பக்கமா இருக்கு!"

இந்த உரையாடலை எனக்குச் சொன்னவர் சார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது. அந்த அச்சை வைத்து இருக்கை செய்தார். ஆனால் சார் ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் கரையில் நின்று வழியனுப்புவார். இடப்பக்கம் டாக்டரின் மருத்துவப் பை உட்கார்ந்து போகும்.

படகைத் தண்ணீரில் இறக்கிய நாளுக்கு வருகிறேன். உங்களில் பலர் அன்று கரையில் இருந்தீர்கள். வார்னிஷ் பூசிய மகோகனிப் பலகை வெயிலில் ஜொலித்தது. உங்கள் முகம் அதில் தெரிந்தது. தண்ணீரைத் தொட்டது. மிதந்தது! கை தட்டினோம். தட்டிய கையை இறக்குவதற்குள் அடிப்பலகை மூட்டுகள் அத்தனையிலும் தண்ணீர் ஊறி உள்ளே வந்தது. கணுக்கால் அளவு வந்துவிட்டது.

தலைவர் அவர்கள் அன்று என்ன சொன்னார் என்பது அவருக்கு நினைவிருக்கும். "டாக்டர், இது படகா, வடிகட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் கரையில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். "அதுக்குத் தாகம், குடிக்குது. எனக்குத் தாகம், நான் குடிக்கறேன். உங்களுக்கு என்னய்யா?"

அடியில் நாடாப் பட்டை போட்டுத் தூக்கித் தாங்கியிருந்ததால் படகு மூழ்கவில்லை. எஞ்சின் நனையாத அளவுக்கு மட்டும் தண்ணீரை இறைத்தோம். காய்ந்த மரம் தண்ணீரைக் குடித்து வீங்கும். வீங்கினால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். மூட்டு தானாக அடைபடும். இது எனக்கும் தெரியும். படிப்பில் வந்தது. ஆனால் தெரிந்துகொண்டு காத்திருப்பது வேறு கலை! மறுநாள் ஒழுகல் பாதியானது. அதற்கு மறுநாள் அடித்தளத்தில் ஒரு காகிதத்தை விரித்து வைத்தார். மாலையில் எடுத்தார். காகிதம் நனையவில்லை. அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். அந்தச் சத்தத்துக்கு இந்த அரங்கின் ஜன்னல்கள் அதிர்ந்தன. முன் மூக்கு எழும்பி, இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தண்ணீர் பிரிய, அந்தப் படகு போன போக்கு! வடிகட்டியாம்!

அது வேடிக்கைக்குக் கட்டிய படகா? எதிர்க்கரையில் கல் உடைக்கிறவர்களின் குடியிருப்பு இருக்கிறது. சாலை வழியாகப் போனால் ஏரியைச் சுற்ற அரை நாள். பல்வலிக்காக அரை நாள் கூலியை யார் விடுவார்கள்? கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். வாரம் தவறாமல் டாக்டர் தன் பையோடு ஏரியைக் கடந்தார். மூன்று வருடம் கடந்தார். ஒரு மழை நாளில் கல் இயந்திரம் ஓட்டுகிற அண்ணன் ஒருவருக்குத் தாடையில் சீழ் கட்டி, மூச்சு விடவே திணறல். இக்கரை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். தாங்கிப் பிடித்துக் கூட்டி வருகிறோம். அந்த நிலைமையிலும் அவர் பளபளப்பைப் பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்றுவிட்டார்.

"செருப்பக் கழட்டணுங்களா டாக்டர்?"

"வாயத் திற! செருப்பப் பத்தி அப்புறம் பேசுவோம். அவசரம், விடு எஞ்சின!"

அந்த அண்ணன் இதோ கடைசி வரிசையில் நிற்கிறார். நன்றாக மூச்சு விடுகிறார். இதற்குமேல் டாக்டருக்கு என்ன நினைவுச் சின்னம் வேண்டும்?

பிறகு டாக்டர் படுத்துவிட்டார். படகைக் கொட்டகையில் ஏற்றினோம். அவர் படுத்திருந்த மாதங்கள் முழுக்க அது காய்ந்தது. போன வாரம் போய்ப் பார்த்தேன். அடிப்பலகை மூட்டுகளில் அவருடைய பல் குத்தும் ஊசி தாராளமாக நுழைகிறது. இதைக் கண்ணாடிக்குள் வைத்துக் குளிர்சாதனக் காற்றை வேறு அடித்தால் என்ன ஆகும்? ஒரு வருடத்தில் பலகை வெடிக்கும். மேல் வார்னிஷ் பளபளக்கும்; நீங்கள் வந்து புகைப்படம் எடுத்துக்கொள்வீர்கள்; அது மறுபடி எந்தக் காலத்திலும் மிதக்காது. எதிர்க்கரைக்காரர்கள் மறுபடி கிராம்பைக் கடிப்பார்கள். தலைவர் அவர்களே, உங்கள் அன்பைக் குறை சொல்லவில்லை. உங்கள் குளிர்சாதனத்தைத்தான் குறை சொல்கிறேன்.

ஆனால் முடிவு என்னுடையது இல்லை, தலைவருடையதும் இல்லை. சாருடையது. இன்று காலையில் சார் வீட்டுக்குப் போனேன்.

"சார், கண்ணாடிக்குள்ள வைக்க உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்னு சொல்லியாச்சேப்பா."

"ஏன் சார்?"

"அங்க இருந்தா முங்காது" என்றார்.

எனக்கு நயமாகப் பேச வராது. "முங்காது சார். ஆனா செத்துரும். இப்ப தண்ணில விட்டா ரெண்டு நாள் ஒழுகும், அப்புறம் நின்னுரும். இன்னும் ஒரு வருஷம் காஞ்சா நிக்கவே நிக்காது" என்றேன்.

"அவ இருந்தா என்ன சொல்லுவா?"

"இன்னும் ஏன்டா வாயப் பொளந்துட்டு நிக்கறேன்னு என்னையத் திட்டுவாங்க சார்."

சார் சிரித்தார். எழுந்து செருப்பை மாட்டினார். "கயிறு பிடிக்க ஆள் வேணுமில்ல?" என்றார்.

அன்பர்களே! தண்ணீரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடக்கிற மனிதர், இன்று காலையில் ஏரிக்குள் இறங்கினார். முழங்கால் வரைக்கும் இறங்கினார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். "பயமா இருக்கா சார்?" என்றேன். "இருக்கு. நீ வேலையப் பாரு" என்றார். இவ்வளவு நேரம் மேடையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அவர் ஏன் கால்களை நாற்காலிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார் என்று யாராவது யோசித்தீர்களா? சார், காலை நீட்டுங்கள். எல்லோரும் பார்க்கட்டும்! கால்சட்டை இன்னும் காயவில்லை!

தலைவர் அவர்களே, இப்போது கயிற்றை இழுக்கலாம். தயவுசெய்து இழுங்கள். திரைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தரையில் டிரெய்லரின் சக்கரத் தடம் மட்டும் இருக்கிறது. அது பின்கதவு வழியாகப் போகிறது. கதவைத் திறந்துவிட்டவர் யார் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவர் வாயிலும் டாக்டர் கட்டிய பல் இரண்டு இருக்கிறது.

எல்லோரும் அந்த ஜன்னல் பக்கம் திரும்புங்கள். படித்துறையில், பட்டைகள் தாங்கிப் பிடிக்க, அதோ நிற்கிறது டாக்டரின் படகு. நன்றாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஒழுகட்டும்! குடிக்கட்டும்! ஞாயிற்றுக்கிழமை ஒழுகல் நிற்கும். நான் எஞ்சினைக் கிளப்புவேன். டாக்டரிடம் வேலை பழகிய சின்ன டாக்டர் எதிர்க்கரைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். இனி ஒவ்வொரு வாரமும் போவோம். ஒரு வாரமும் தவறாது. இது இந்த மேடையில் வைத்து நான் கொடுக்கும் வாக்கு. இடப்பக்க இருக்கையில் பை வைக்க இனி இடம் இல்லை. அதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். சார் வருகிறார்.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. செலுத்துவோம். ஆனால் நான் இங்கே பேசிக்கொண்டிருந்த நேரத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். எஞ்சினைத் தொடுவதற்குள் இறைக்க வேண்டும். பின்வாசலில் வாளிகள் அடுக்கி வைத்திருக்கிறேன். அஞ்சலியை அங்கே போய்ச் செலுத்துவோம். பேசாமல் இறைப்போம். சார், முதல் வாளி உங்களுடையது. வாருங்கள், சீக்கிரம்!